டோர்டிஸின் பாதி

நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு நட்டமில்லை. பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். ஆனால் போன டிசம்பரில், வடதுருவ ஓரத்து ஊரான ட்ரோம்சோவில், எங்கள் ஆய்வகக் குளிர்க்கிடங்கில் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடு மதியத்தில்.

முதலில் டோர்டிஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவளைப் பிடிக்காது. ஒரே ஆண்டில் படித்து முடித்து, ஒரே ஆய்வகத்தில் சேர்ந்தோம். வடதுருவக் கடலின் அடியில் நீண்ட குழாயை இறக்கி மண் எடுப்பது எங்கள் வேலை. அந்த மண்ணில் கடுகைவிடச் சிறிய சிப்பிகள் கிடக்கும். அவற்றின் ஓட்டிலுள்ள மெக்னீசியத்தை அளந்தால், அவை வாழ்ந்த காலத்தில் கடல் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கணக்குப் போடலாம். நான் அளந்தால் அது வெறும் எண். அவள் அளந்தால் அது கண்டுபிடிப்பு!

ஒரு குழாயின் ஐந்தாம் துண்டில், சாம்பல் நிற மண்ணுக்கு நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஒரு பழுப்புப் பட்டை. ஆறு டிகிரி என்று அளந்தாள். உறைபனிக் காலத்தின் நடுவிலேயே கடல் ஒருமுறை திடீரென்று சூடாகியிருக்கிறது என்றாள். தொலைக்காட்சியில்கூட வந்தாள். அந்தச் சூடு பனி உறைவதற்கு முன்பே வந்தது என்று நான் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். யார் கேட்டார்கள்?

பிறகு, அந்த டிசம்பருக்குப் பதினொரு மாதம் முன்னால், ஜனவரியில், பனிச்சறுக்குக்குப் போன இடத்தில் பனிச்சரிவில் மாட்டிக்கொண்டாள். தோண்டி எடுத்தபோது உடம்பு கல்லாய்க் குளிர்ந்திருந்ததாம். அழுதேன், பொய்யில்லை. ஆனால் என் பொறாமை அவளோடு சாகவில்லை. செத்தவளோடு போட்டி போட்டுப் பாருங்கள், தெரியும். இனி அவள் தப்பே செய்ய மாட்டாளே.

டிசம்பரில் அவள் எடுத்து வைத்திருந்த மண் துண்டுகளின் பழைய படங்களைப் புரட்டியபோதுதான் சந்தேகம் தட்டியது. மண் குழாயை நாங்கள் மீனைப் பிளப்பது போல நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒரு பாதியில் வேலை செய்வோம். மறு பாதியைச் சுற்றிக் கட்டிக் கிடங்கில் வைத்துவிடுவோம். அதை யாரும் தொடக்கூடாது. திறந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும். துண்டின் மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி.

படத்தில், அவள் வேலை செய்த பாதியில் நீல மூடியைக் கழற்றி மறுபடி ஒட்டிய தடம் தெரிந்தது. மாற்றி மாட்டிவிட்டாளோ? தலைகீழாக வைத்து மானம் போனவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. கண்டுபிடிப்பதும் சுலபம். அந்தத் துண்டில் ஒரு சின்னக் கல் இருந்தது. அதையும் இரண்டாக அறுத்திருந்தார்கள். அவளுடைய பாதியில் கல் நீல மூடிப் பக்கம். கிடங்குப் பாதியில் அது வெள்ளை மூடிப் பக்கம் இருந்தால், டோர்டிஸ் அளந்ததெல்லாம் தலைகீழ். நான் சொன்னதே சரி.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் ஓய்ஸ்டெய்ன். நான் போய்க் கேட்டபோது சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். பதினொன்றரை ஆகிவிட்டால் உலகம் அழிந்தாலும் அவருக்கு ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வேண்டும்.

"டோர்டிஸோட மண்ணா?" என்று சிரித்தார். "உசுரோட இருந்தப்பதான் அவளை நிம்மதியா விடல. இப்பவாவது விடேன், இங்குன்."

"ஒரு கல்லைப் பாக்கணும். அவ்வளவுதான்."

"நான் சாப்டுட்டு வரேன். அதுவரைக்கும் திறக்காதே. ரெண்டு பேர் வேணும், தெரியும்ல?"

"தெரியும், தெரியும். நீங்க போங்க."

வெளியே கும்மிருட்டு. சூரியன் எட்டிப்பார்க்காத மாதம் அது. கிடங்குக்குள் நான்கு டிகிரி. ஆள் நடந்தால் எரிந்து, அசையாமல் நின்றால் அணைந்துவிடும் விளக்குகள். துண்டை இழுத்து மேசையில் வைத்தேன். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. உறையைக் கிழித்துத் தரையில் போட்டேன்.

கல், வெள்ளை மூடிப் பக்கம் இருந்தது.

என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சிரித்தேன். சத்தம் போட்டே சிரித்தேன். பழுப்புப் பட்டையில் கரண்டியால் ஒரு குழி தோண்டி, மண்ணைச் சின்னப் புட்டியில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தேன். படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தேன்.

டிக்.

கடைசி வரிசையில் விளக்கு எரிந்தது.

"ஓய்ஸ்டெய்ன்?"

டிக்… அடுத்த வரிசை. டிக்… அதற்கடுத்தது. யாரோ நடந்து வருகிறார்கள். ஆனால் காலடிச் சத்தம் இல்லை.

நான் அசையாமல் நின்றேன். அதனால் என் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது.

பக்கத்து வரிசை விளக்கும் அணைந்தது.

இருட்டு.

அப்போது கேட்டது. என் காதோரம். "த்சு…"

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தன் மண்ணை வேறு யாராவது தொட்டால் டோர்டிஸ் அப்படித்தான் நாக்கைத் தட்டுவாள்.

மேசை மேல் ஏதோ உரசியது. சர்ர்ர்…

மெதுவாக… மிக மெதுவாக…

கையை உயர்த்தி ஆட்டினேன். விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

கல், நீல மூடிப் பக்கம் இருந்தது.

நான் தோண்டிய குழி இல்லை. பட்டை வழவழவென்று இருந்தது.

தரையில் கிழித்துப் போட்ட உறை மேசை மேல் இருந்தது. மூலைகள் முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தன. எங்கள் ஆய்வகத்தில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான்.

ஓடினேன்.

ஓய்ஸ்டெய்ன் வாயில் ரொட்டியோடு என்னோடு வந்தார். குனிந்து பார்த்தார். "நீலப் பக்கம்தானே இருக்கு? அவ சரியாத்தான் வச்சிருக்கா. நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டே?" என்றார். என்ன சொல்வது? இரண்டாவது சாட்சி அவர். அவர் கண்ணால் பார்த்ததுதான் கணக்கு. அதற்குப் பிறகு ஆய்வகத் தலைவர் வந்து பார்த்தபோதும் கல் நீலப் பக்கமே இருந்தது. டோர்டிஸ் மறுபடியும் ஜெயித்துவிட்டாள்.

ஆனால் என் சட்டைப்பையில் அந்தப் புட்டி இருந்தது. புட்டிக்குள் பழுப்பு மண்ணும் இருந்தது. குழியே இல்லாத இடத்திலிருந்து எடுத்த மண்.

எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல், அளவுக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் யூருன்னிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் என் அறைக் கதவைத் தட்டினாள்.

"என்னடி குடுத்தே எங்கிட்ட? கடலா, காய்ச்சலா?"

"ஏன்?"

"முப்பத்தேழு டிகிரி வருது. துருவக் கடல்ல! கருவியைச் சுத்தம் பண்ணி மூணு தடவை போட்டுட்டேன். மத்தவங்க மண்ணெல்லாம் ஒழுங்கா வருது. உன்னோடது மட்டும் முப்பத்தேழு. உசுரோட இருக்குற ஆளோட உடம்புச் சூடு!"

மிச்ச மண்ணைத் திருப்பித் தரச் சொன்னேன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

புட்டி வெதுவெதுப்பாக இருந்தது.