முனுசாமியின் ஐந்து விரல்களும் பை டூ காபியும்

சர்க்கரை நோயாளிகளுக்குப் புத்தி சொல்வது என் உத்தியோகம். தலையாட்டிவிட்டுப் போவது அவர்கள் உத்தியோகம். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் நீலசந்திராவில் ஒரு சின்ன கிளினிக்கில் இரண்டும் ஜோராக நடந்தன. இப்போது அந்தக் கிளினிக்கும் இல்லை, எதிரே இருந்த ஓட்டலும் இல்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஆனால் ஆட்டோ முனுசாமி போல ஒருவர் உங்களுக்கு வாய்த்திருக்க மாட்டார்.

அரை கப்

முனுசாமி வந்தது வலது பாதத்தில் புண்ணோடு. பெருவிரலுக்குக் கீழே, ஆறவே ஆறாத புண். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் பிரேக் வலது காலுக்கு. விரல் போனால் வண்டி போச்சு, வண்டி போனால் பிழைப்பும் போச்சு. மனிதர் வெலவெலத்துப்போய் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

எதிரே ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டிய அந்த ஓட்டலில் காபி சர்க்கரை கலந்துதான் வரும். எடுத்த எடுப்பில் நிறுத்தச் சொன்னால் ஆள் ஓடிவிடுவாரே என்று, "முழு கப் வேண்டாம், அரை கப்போடு நிறுத்துங்க" என்றேன். அடுத்த முறை வந்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றி இருவர் குடிக்கும் பை டூ வழக்கம்தான் இந்த ஊரில் பிரசித்தமாயிற்றே! ஸ்டாண்டுக்கு யார் வந்தாலும் அவரோடு ஒரு பாதி குடித்திருக்கிறார். நான் எரிந்து விழுந்தேன். அவருக்கோ என் மேல் வருத்தம்.

"சத்தியமா ஒரு ஃபுல் காபி குடிக்கல மேடம், எல்லாமே பை டூதான்!"

சக்கரே பேடா

சர்க்கரை போடாமல் கேட்டு வாங்க வேண்டியதுதானே? அதுதான் முடியாதாம். கேட்டால் கல்லாக்காரர் உள்ளே பார்த்துக் கன்னடத்தில், "ஒந்து காபி, சக்கரே பேடா!" என்று கத்துவார். சர்க்கரை வேண்டாத ஆள் யார் என்று தெருவே திரும்பிப் பார்க்கும். சீக்காளி என்று பெயர் வாங்க முனுசாமி தயாராக இல்லை.

கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் ஒருநாள் கேட்டே விட்டார். கல்லாக்காரரும் வஞ்சனையில்லாமல் கத்தினார். பக்கத்து வண்டி பாஷா எழுந்து வந்து தோளில் கை போட்டாராம். முனுசாமி அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காதாண்ட வந்து, 'எனக்கும் அதுலயே பாதி ஊத்துப்பா, ரொம்ப நாளா யாராண்டயும் சொல்லாம வச்சிருக்கேன்'ன்றாரு மேடம் பாஷா பாய்!"

ரோட்டை மிதித்த செருப்பு

சர்க்கரை இறங்கியது, புண் மட்டும் ஆறவில்லை. டாக்டர் விரலைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தார். ஒரு மழை நாளில் முனுசாமி என்னை வீட்டில் விட வந்தார். செருப்பைக் கழற்றிக் கீழே ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டுப் போட்ட காலை அப்படியே பிரேக்கில் வைத்தார். மிதியில் ரப்பர் தேய்ந்து வெறும் இரும்பு. சரியாகப் புண் இருந்த இடத்தில் அது நாள் முழுக்க உரசிக்கொண்டிருந்தது. மரத்துப்போன காலுக்கு அது தெரியவே இல்லை. செருப்போடு ஓட்டினால் என்னவென்று கேட்டேன். முன்னால் ஒட்டியிருந்த சாமி படங்களைக் காட்டினார். ரோட்டை மிதித்த செருப்போடு சாமி எதிரே உட்காரக் கூடாதாம்.

மிதி ரப்பரை மறுநாளே மாற்றிவிட்டார். செருப்பு விஷயத்தில் அசையவில்லை. நரம்பு, ரத்த ஓட்டம் என்று நான் படம் போட்டு விளக்கியதெல்லாம் வீண். பக்கத்தில் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் நர்ஸ் பிலோமினாதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வெளிச்செருப்பு வரக்கூடாதுண்ணா, உள்ளுக்குன்னு தனி ஜோடி இருக்கும், உங்க சாமிக்கும் அப்படி ஒரு ஜோடி வாங்கி வையுங்களேன்!"

ஆயுத பூஜை

வாங்கினார். வெள்ளை கேன்வாஸ் ஷூ. சீட்டில் உட்கார்ந்து மாட்டுவார், இறங்குமுன் கழற்றுவார். அந்த ஷூ தரையையே பார்த்ததில்லை. புண் மெல்ல மெல்ல வற்றியது.

ஆயுத பூஜையன்று வாழைக்கன்று கட்டிய ஆட்டோ கிளினிக் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஸ்பானர், ஜாக்கி, பக்கத்தில் அந்த ஷூ ஜோடி, மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். டாக்டர்கூட வெளியே வந்துவிட்டார். முனுசாமி சீட்டில் உட்கார்ந்தபடியே வலது காலை என் பக்கம் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அஞ்சும் இருக்குதா, நல்லா எண்ணிக்கோங்க மேடம்!"

அன்று தட்டில் வந்த மைசூர்பாகில் அவர் பங்கையும் வாங்கி நானே தின்று தீர்த்தேன். இன்று என் சக்கரே பேடா காபியை பை டூ குடிக்க ஓர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.