கம்பியை முறுக்கியபோது

செமோர் ஊரில் கிட்டார் செய்யும் அந்த அக்காவுக்கு அகன்ற தோள், ஒட்ட வெட்டிய முடி. எனக்கான கிட்டாரின் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைத்து, மேலே பலகை ஒட்டியிருந்தார். தந்திகள் இழுக்கும்போது கழுத்து வளையாமல் காப்பது அந்தக் கம்பிதான். அன்று முதன்முதலாக அதை முறுக்கினார், கண்களை இறுக மூடிக்கொண்டு.

‘டக்’கென்று ஒரு சத்தம்.

“வெடிச்சிருச்சா பாருங்க தம்பி. நான் பாக்க மாட்டேன்லா.”

கழுத்து முழுக்கத் தடவிப் பார்த்தேன். விரிசல் எதுவும் இல்லை.

“ஒண்ணும் ஆகலக்கா.”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ கம்பில ஒட்டுன பசைதான் விட்டிருக்கு, பரவால்ல.”

“எப்பவும் இப்படித்தான் பயப்படுவீங்களா?”

“ஒவ்வொரு கழுத்துக்கும்.”

“அப்புறம் ஏன்க்கா இந்த வேலை?”

அவர் எழுந்து, அடுத்த கழுத்தை இடுக்கியில் பூட்டினார். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. அவர் முறுக்குவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.