ஸக்கரியா ஓதிய யாஸீன்

மாத்தளை டவுனில் ஹஸீபின் கம்ப்யூட்டர் கடைக்குப் பேர் வந்ததே, அழிந்துபோனதை மீட்டுக் கொடுத்ததால்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்தால் போதும், தொலைந்த கல்யாணப் படத்தையெல்லாம் தோண்டி எடுத்துவிடுவார். "அழிச்சாலும் எங்கயும் போகாது, என்கிட்ட கொண்டாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். வாய் சும்மா இருந்தால்தானே.

அந்தப் பேச்சை நம்பித்தான் பீபி ராத்தா கணவரின் குரலை அழித்திருந்தார். காய்கறி வியாபாரி ஸக்கரியா, தம்புள்ளைக்குப் போன வழியில் இறந்துபோனார். மவுத்தானவரின் படங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் வற்புறுத்த, பீபி கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரை அப்படியே அழித்தார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஸக்கரியா குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிய பதிவும் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. ஹஸீப் எடுத்துத் தருவார் என்ற தைரியம். கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்ததும் மகளிடம் கம்ப்யூட்டரைத் தூக்கக் கொடுத்து நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"படமெல்லாம் வாணாம் தம்பி. அந்த ஓதல மட்டும் எடுத்துத் தாங்க."

ஹஸீப் தேநீர் வரவழைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். திரையில் வெற்றிடத்தைக் காட்டும் பூச்சியம் வரிசையாக ஓடியது. மேலே போனார், கீழே போனார், பூச்சியம்தான். பழைய டிஸ்க்கில் குப்பையாவது கிடக்கும். இதில் அதுகூட இல்லை.

அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மெஷினுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே அவர்தான். வேகம் குறையாமல் இருக்கட்டும் என்று, ஒரு ஃபைலை அழித்தவுடனேயே அதன் இடத்தையும் துடைத்துவிடும்படி செட்டிங் வைத்ததும் அவர்தான். அழிந்ததை மீட்கவும் தெரியும், மீட்க முடியாதபடி அழிக்கவும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

"ராத்தா, இது பழைய டிஸ்க் மாதிரி இல்ல. அழிச்ச நேரமே தொடச்சிரிக்கி. நான்தான் அப்பிடி செஞ்சி வெச்சேன். இனி யாராலயும் எடுக்க ஏலா."

பீபி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அவர் இங்க வந்து உங்களோட எவ்வளவு கதச்சிருப்பாரு. அந்தக் கொரல் உங்களுக்காச்சும் நெனவிரிக்கா தம்பி? எனக்கு மறந்துட்டு வருது."

ஹஸீப் கண்ணை மூடிப் பார்த்தார். ஸக்கரியாவின் முகம் வந்தது, தொப்பி வந்தது, மேசையில் சாய்ந்து நிற்கும் விதம்கூட வந்தது. குரல் வரவில்லை.