ஊசி போட்ட முதுகு

சேக்காட்டில் யுவராணியின் முதுகைத் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைவிட முதுகுதான் அங்கே பிரபலம். கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள்கூட அவள் வீட்டுக்கு மட்டும் அடுப்படிவரை உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவான். "ஊசி போட்ட முதுகு, பாவம்" என்பான். தெருவில் எந்தப் பெண்ணாவது மாசமாக இருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், யுவராணி போய் நின்றுவிடுவாள். "இன்னா வேணா பண்ணிக்கோ, முதுகுல மட்டும் ஊசி போட உட்ராத. என்னைப் பாத்துக்கோ." பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். எதிர்வீட்டு பானுப்பிரியா அவள் பேச்சைக் கேட்டு, வலி தெரியாமல் இருக்கப் போடுகிற ஊசியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திப் பெற்றாள். அதற்கும் யுவராணிதான் முதல் ஆளாகப் போய்க் குழந்தைக்கு வசம்பு கட்டினாள்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். பிரசவ அறைக் கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குழாய், அங்கிருந்து மறுபடி கதவு. உள்ளே அவள் ஒரே மகள் ஸ்வாதி. தலைப்பிரசவம். வெளியே வரிசை நாற்காலியில் யுவராணியின் மாமியார் நாகவல்லி, கால்களைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் கஜபதி நின்ற இடத்திலேயே சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தான். மருமகன் நிர்மல் போனில் எதையோ தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தான். நாமக்கல்லிலிருந்து வேலைக்கு வந்து, பாரிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய பையன், எதற்கும் போனைத்தான் கேட்பான்.

"குந்தேன்மே. பாக்கற எனக்குத் தல சுத்துது" என்றாள் நாகவல்லி.

யுவராணி உட்காரவில்லை. உட்கார்ந்தால் உள்ளேயிருந்து வரும் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அவள் முதுகுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாரிவாக்கத்தில் கழனி வேலை செய்தவர்களின் மகள், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற கஜபதிக்கு வாழ்க்கைப்பட்டு சேக்காட்டுக்கு வந்தாள். ஸ்வாதி பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்து. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, அவள் விழித்திருக்கும்போதே குழந்தையை எடுத்தார்கள். ஒரு மாசம்கூட ஆகவில்லை, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டியவள் அவள்தான். தெருவிலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து தெருவுக்கு. முதுகு விண்டுபோகும். "வலிக்குதுத்தே" என்று சொல்லிப் பார்த்தாள். நாகவல்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஜபதியிடம் சொன்னாள். அவன் மூவ் களிம்பு வாங்கி வந்து கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

பிறகு ஒருநாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா, யுவராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனா? முதுகுல ஊசி போட்டாங்களா? அப்ப அதான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டுக்கொண்டிருந்த நாகவல்லியின் முகம் மாறியது. மறுநாள் லாரி வந்தபோது குடத்தை எடுத்துக்கொண்டு நாகவல்லியே இறங்கினாள். "ஊசி போட்ட முதுகாமே, நமக்கின்னா தெரியும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அன்றைக்கு மத்தியானம் யுவராணி கல்யாணமானபின் முதன்முதலாகப் பகலில் பாய் விரித்துப் படுத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்த ஊசிக்கு எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்துக்கு இருக்கிற மரியாதை வந்துவிட்டது. எஸ்டேட்டில் பாக்கிங் வேலைக்குப் போனாள். அங்கே பெண்கள் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டேதான் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். கால் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்றவர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் வாசலைக் காட்டினான். யுவராணி ஊசியைச் சொன்னாள். "டாக்டர் விஷயமாச்சே" என்று தானே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். மற்றவர்களுக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று யுவராணி உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில், பேச்சில் நாகர்கோவில்காரி போலத் தெரிந்த ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தாள். மயக்க மருந்து டாக்டர் ஜெபா.

"ஸ்வாதி வீட்டுக்காரங்கதானே? பிள்ளையோட துடிப்பு அப்பப்ப இறங்குது. ஆபரேஷன் பண்ணி எடுத்திரலாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாங்க. ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது பாத்துக்கிடுங்க." நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "முதுகுல ஊசி போட்டா பத்திரமா முடிச்சிரலாம். ஆனா உங்க பொண்ணு அதுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேங்கா. முழுசா மயக்கம் குடுங்கன்னு ஒரே பிடிவாதம்."

"அதையே குடுத்துடுங்களேன்" என்றான் நிர்மல்.

"மத்தியானம் வயிறு முட்ட பிரியாணி சாப்ட்ருக்கா. முழு மயக்கத்துல அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து. வேற வழியே இல்லன்னா செய்வோம். வழி இருக்கும்போது அதுல எறங்க எனக்கு மனசில்ல." பிறகு சுற்றிப் பார்த்தாள். "அம்மாவுக்கு அந்த ஊசியாலதான் முதுகு போச்சுங்கா. யாரு அம்மா?"

எல்லோரும் யுவராணியைப் பார்த்தார்கள். ஊர்ப் பெண்களைப் பயமுறுத்தியபோது பெருமையாக இருந்த அதே கதை, இப்போது தன் மகளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று அவள் தவித்தாள். ஆனாலும் வாய் பழக்கத்தை விடுமா?

"நெசந்தான டாக்டர்? நான் அனுபவிச்சிகினு கீறேன்ல?"

"இதை ஆராய்ச்சியே பண்ணிப் பாத்திருக்காங்கம்மா. ஊசி போட்டுப் பெத்தவங்க, போடாம பெத்தவங்க, ரெண்டு தரப்பையும் பிரசவத்துக்கு அப்புறம் மாசக்கணக்கா விடாம விசாரிச்சிருக்காங்க. நாள்பட்ட முதுகுவலி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கு. குத்தின எடம் ரெண்டு மூணு நாள் நோவும், அது உண்மை. இப்ப முதுகெலும்பை ஸ்கேன்ல பாத்து எடம் குறிச்சுக்கிட்டே போடலாம். ஊசியும் முடி மாதிரி இருக்கும்."

"உங்க ஆராய்ச்சிக்காரங்க சேக்காட்டுக்கு வந்தாங்களா? என்னைக் கேட்டாங்களா?" யுவராணியின் குரல் ஏறிவிட்டது.

"அதான?" என்று நாகவல்லி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "எங்க ஊட்டு மருமவள நான் கண்ணால பாத்துகினு கீறேன் டாக்டரம்மா. அந்த ஊசிக்கு அப்பால ஒரு கொடம் தூக்க முடில அவளால. நானே தூக்கினேன். நீங்க நேத்து படிச்சிட்டு வந்து சொல்றீங்க."

மாமியார் தனக்காகச் சண்டை போட்டு யுவராணி பார்த்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்து இது தேவையா?

ஜெபா கோபப்படவில்லை. நேரமும் இல்லை அவளுக்கு. "சரிம்மா, அவங்க கேக்கல. நான் கேக்கேன். எப்ப வலிக்கும் உங்களுக்கு? எப்ப வலிக்காது?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் யுவராணியிடம் கேட்டதில்லை. ஊசி என்றதுமே எல்லோரும் ஐயோ பாவம் என்பதோடு சரி.

எப்ப வலிக்காது? ஸ்வாதி பிறந்த அந்த வருஷம் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனாளே, அந்த நாளெல்லாம் வலிக்கவில்லை. அம்மா ஒரு சொம்புகூடத் தூக்கவிடவில்லை. ஊசியின் வலியாக இருந்தால் பாரிவாக்கத்துக்கும் கூடவே வந்திருக்க வேண்டாமா? இது அவளுக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வலி பொய்யில்லை. காரணம்தான் இரவல். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி குடம் வரும், மறுபடி நிற்க வைப்பார்கள் என்ற பயம். அப்படியே ஸ்வாதி வளர்ந்துவிட்டாள், அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள்.

உள்ளேயிருந்து ஸ்வாதி அலறினாள். யுவராணி டாக்டரைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மகளின் முகம் வியர்த்து வீங்கியிருந்தது. யுவராணி குனிந்து, வெளியே கேட்காதபடி காதோடு சொன்னாள்: "கண்ணு, ஊசி போட்டுக்கடி. ஒண்ணும் ஆவாது."

"நீயாம்மா சொல்ற?"

"எனக்கு அதனால இல்லடி."

"சும்மா சொல்லாத. டாக்டர்தான் இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினாங்க." ஸ்வாதி தலையை ஆட்டினாள். திறந்திருந்த கதவைப் பார்த்துப் பாட்டியை அழைத்துக் கத்தினாள். "ஆயா! நீ சொல்லு ஆயா. அம்மாவுக்கு எதனால முதுகு போச்சு?"

வாசலில் நாகவல்லி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கஜபதி, அவன் தோளுக்கு மேலே நிர்மல். "ஊசியாலதான் கண்ணு. ஊருக்கே தெரியுமே" என்றாள் நாகவல்லி.

காதோடு காதாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை என்று யுவராணிக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்தாள்.

"இல்லத்தே. ஊசியால இல்ல. பச்ச ஒடம்புல தண்ணி தூக்கினேன், அதனால. வலிக்குது வலிக்குதுன்னு உங்க கிட்ட சொன்னேன், இவரு கிட்ட சொன்னேன். யாரு கேட்டீங்க? ஊசின்னு ஒருத்தி சொன்னப்பதான கேட்டீங்க? கம்பெனில மட்டும் இன்னா? நின்னு நின்னு இடுப்பு போவுதுன்னா வேலைய உட்டுட்டுப் போன்னான். ஊசின்னேன், குந்த வச்சான்." மூச்சு வாங்கினாள். "வலி நெசம். பழிய மட்டும் ஊசி மேல போட்டுட்டேன். பொண்ணா பொறந்தவளுக்கு வேலை செஞ்சி வலிக்குதுன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்றீங்களே!"

ஸ்வாதி அம்மாவையே பார்த்தாள். நம்பினாளா, கோபப்பட்டாளா, தெரியவில்லை. அடுத்த வலி வந்து அவளை வளைத்தது. அம்மாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"போடுங்க டாக்டர்."

ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. யுவராணி மறுபடி நடக்க ஆரம்பித்தாள். இப்போது நடையில் முன்பைவிடப் பரபரப்பு. மகளை நினைத்து ஒரு பயம், பின்னால் உட்கார்ந்திருக்கிற மாமியாரை நினைத்து இன்னொரு பயம்.

"அப்ப இத்தினி வருசமா..." என்று ஆரம்பித்த கஜபதி, அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனான். நிர்மல் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "அத்தை, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டான். வேண்டாமென்று தலையாட்டினாள். நாகவல்லி வாயே திறக்கவில்லை. தெருவில் குழாயடிச் சண்டையில் ஜெயித்தே பழகிய வாய் அது. வீட்டுக்குப் போனபிறகு சேர்த்து வைத்துத்தான் கொட்டுவாள் என்று யுவராணி நினைத்தாள். இத்தனை வருஷம் உனக்குக் குடம் தூக்கினேனே, என்னை ஏமாற்றினாயா என்று கேட்டால் என்ன சொல்வது? தியேட்டர் கதவின் வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் ஜன்னல். கீழே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. எரிச்சலாக வந்தது.

நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்து, "ஸ்வாதி அட்டெண்டர்! பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். "முழிச்சிக்கிட்டேதான் இருந்தாங்க. குழந்தையைக் காட்டினதும் ஒரே சிரிப்பு."

நிர்மல் சத்தமாக அழுதுவிட்டான். அழுதுகொண்டே மாமனாருக்குப் போன் போடப் படியில் இறங்கினான். யுவராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தானாக வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மாமியாரிடம் போனாள். என்ன வந்தாலும் வரட்டும் என்று கை நீட்டினாள்.

"வாங்கத்தே. கொழந்தைய பாக்கலாம்."

நீட்டிய கையை நாகவல்லி பிடித்தாள். பாதி எழுந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முகம் சுருங்கியிருந்தது. யுவராணி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டிராத ஒரு சின்னக் குரலில் பேசினாள்.

"எனக்கு நாலும் ஊட்லயே பொறந்துச்சி. பொறந்த ஒரு வாரத்துக்கெல்லாம் களை எடுக்கப் போய்ட்டேன். அன்னிக்கி புடிச்ச வலி, இந்த நிமிசம் வரிக்கும் உடல. யார் கிட்ட இன்னான்னு சொல்றது? ஊசியாலன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஊசி கூட யாரும் போடலியேமே."