கண்ணுக்கு ஒரு கவளம்

நாய்க்குட்டியைக் கொடாப்புக்குள் இருக்கப் பழக்க ஒரு மாதம் போதும் என்று என் அப்பா சொல்வார். என் மாமனார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருசம். எங்கோ உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இங்கே எங்கள் பக்கத்தில் மழை ஏமாற்றியிருந்தது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. கைக்குழந்தையாக ஒரு மகள். அவள் தவழ ஆரம்பிக்கும் முன்பே என்னிடம் பால் வற்றிவிட்டது. வீட்டு எருமையும் வற்றிக் கிடந்தது. அம்மா வீட்டிலிருந்து எனக்குக் கொடுத்தனுப்பிய வெள்ளாடு மட்டும் அப்போதுதான் இரண்டு குட்டி போட்டிருந்தது. அந்தப் பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிச் சங்கில் ஊற்றித்தான் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குட்டி வந்து முட்டினால்தான் அது பால் விடும். போன ஈற்றில் ஒரே குட்டி. அதை நரி தூக்கிப்போன மறுநாளிலிருந்து மடியில் கை வைத்தாலே சட்டியை எட்டி உதைத்தது. நான்கு நாளில் மடி காய்ந்துபோயிற்று. அப்போது கைக்குழந்தை இல்லை, அதனால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இந்த முறை அப்படியில்லை. குட்டிகள் இருக்கிறவரைதான் என் மகளுக்குப் பால். வாசல் முடிகிற இடத்தில் ஆட்டுக்கொட்டில், கொட்டிலை ஒட்டிச் சோளக்காடு. மழையில்லாத அந்த வருசத்தில் வேறெங்கும் இரையில்லாமல் நரிகள் பொழுதிருக்கும்போதே சோளத்துக்குள் வந்து படுத்துக்கொண்டிருந்தன.

அதனால் எனக்கு ஒரு நாய் வேண்டும் என்று கணவரிடம் கேட்டேன். வாசலில் படுத்து வருகிறவனையெல்லாம் குரைக்கிற நாய் இல்லை. குட்டிகளை விட்டு நகராத நாய். என் பிறந்த வீட்டில் அப்படித்தான் பழக்குவார்கள். கொடாப்பு என்பது மூங்கில் சிம்பில் பின்னிய பெரிய கூடை. ஆட்டுக்குட்டிகளைப் பகலில் அதற்குள் கவிழ்த்து வைப்போம். பால்குடி மறந்த நாய்க்குட்டியையும் அவற்றோடு சேர்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். சாப்பாடு அதற்குள்ளேதான். போடுகிற கையும் ஒரே கைதான். கத்தினால் திறக்கக்கூடாது, கத்தி ஓய்ந்த பிறகு திறந்துவிட வேண்டும். கொஞ்ச நாளில் அது தன்னையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக நினைத்துக்கொள்ளும். பிறகு துரத்தினாலும் போகாது.

கணவர் சங்ககிரிப் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டியிலிருந்து நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். செவலை நிறம். பெரிய பாதங்கள். வந்ததும் வராததுமாக என் கட்டை விரலைக் கவ்விச் சப்பியது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. அன்று மத்தியானமே ராகிக்களியை மோரில் கரைத்து, உடைந்த சட்டியின் அடி ஓட்டில் ஊற்றி, கொடாப்புக்குள் வைத்துக் கவிழ்த்தேன். மேலே ஒரு கல்லை ஏற்றினேன். நக்கித் தின்றுவிட்டுக் கொஞ்சம் கத்தியது. பிறகு ஆட்டுக்குட்டியின் வயிற்றில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் வீட்டார் சாப்பிட உட்கார்ந்தார்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம். மாமனார், மாமியார், கணவர் மூவரும் வாசலில் உட்காருவார்கள். நான் களிச்சட்டியோடு பக்கத்தில் நிற்பேன். அவர்கள் எழுந்த பிறகு சட்டியில் இருப்பது எனக்கு. மாமனார் முதல் கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். கொடாப்பின் சந்து வழியாக இரண்டு கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏம்முணி, வாயில்லாச் சீவன் பாத்துக்கிட்டிருக்குது. எப்படித் திங்கறது? கண்ணு பட்டா வவுத்துல நிக்குமா?"

"ஏனுங் மாமா, இப்பத்தானுங்க அதுக்கு ஊத்துனன். வவுறு நெம்பி இருக்குதுங்க."

"வவுறு நெம்புனாக் கண்ணும் நெம்பிருமா?"

சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் கொடாப்பைத் தூக்கி அந்தக் கவளத்தை உள்ளே போட்டுவிட்டு வந்தார். மாமியார் பார்த்தார். அவருக்கும் வயிறு இருக்கிறதே. "ஒரு வாய் போட்டா ஊடு கொறஞ்சா போயிரும்? இந்தா சாமி, தின்னு" என்று அவரும் போட்டார். எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் சாமி என்போம், குழந்தைகளையும் சாமி என்போம். நாய்க்குட்டியும் வந்த அன்றே சாமியாகிவிட்டது. என்னை அவர் கூப்பிடுவது "ஏ புள்ள" என்றுதான்.

கணவர்தான் எல்லாரையும்விட மோசம். தனியாக இருக்கும்போது நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "நீ சொல்றது வாஸ்தவந்தான்" என்பார். சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய கவளமும் போகும். அதை மட்டும் நான் பார்க்காத நேரம் பார்த்துப் போடுவார். பெற்றவர்கள் நம்புவதை அவர் நம்பினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. எதற்கு வம்பு என்று போட்டிருப்பார்.

ஆளுக்கொரு கவளம், வேளைக்கு மூன்று. என் ஓட்டில் நான் ஊற்றுவது வேறு. நாய்க்குட்டியின் வயிறு பூசணிக்காய் மாதிரி ஆயிற்று. கொடாப்புக்குள் பேதி. ஆட்டுக்குட்டிகளின் மேலெல்லாம் அதுதான். விடிந்தால் பிள்ளையைக் கழுவுவேன், பிறகு ஆட்டுக்குட்டிகளைக் கழுவுவேன், பிறகு நாயைக் கழுவுவேன். தண்ணீர் இல்லாத வருசத்தில் கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் நடந்து நடந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. யார் போட்டது என்று கேட்டால், "நா ஒரு வாய்தான் போட்டன்" என்றே மூவரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஒவ்வொருவரும் ஒரு வாய்தான்.

போட்ட கவளத்துக்குப் பதிலாக மூவரும் இன்னொரு கவளம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அது என் பங்கிலிருந்து போயிற்று. அடிப்பிடித்த களியைச் சுரண்டித் தின்னும்போது நாயின் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது என்ன செய்யும் பாவம்? கத்தினால் வருகிறது என்று தெரிந்துகொண்டது. எந்த நேரம் கத்த வேண்டும் என்றும் தெரிந்துகொண்டது. நான் ஒன்று கற்றுக்கொடுத்தேன், அவர்கள் ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். அது ருசியானதைக் கற்றுக்கொண்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் உட்காருவதற்குச் சற்று முன்பு நாய்க்கு வயிறு முட்ட ஊற்றிப் பார்த்தேன். தின்றுவிட்டு ஏப்பம் விடாத குறையாகப் படுத்திருக்கும். வட்டிலின் சத்தம் கேட்டதும் எழுந்து சந்தில் மூக்கை வைத்துவிடும். கொடாப்பைச் சாக்கால் மூடிப் பார்த்தேன். இனி கண்ணும் இல்லை, கண்ணேறும் இல்லை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாமனார் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு தெரியலீனா என்ன? அது மூக்காலயே பாக்குது." கவளம் சாக்குக்குள் போயிற்று. கொட்டிலின் பின்பக்கத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பார்த்தேன். மாமியார் அதைத் தூக்கி வந்து பழையபடி கொட்டிலுக்கு முன்னாலேயே வைத்தார். "பச்சப்புள்ளையாட்டம் கத்துது. உனக்கு நெஞ்சு கல்லா புள்ள?" என்று கேட்டார். என் பச்சைப்பிள்ளைக்குத்தான் இந்தப் பாடெல்லாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

இப்படியே நாள் போனது. நாய்க்குட்டி வளர்ந்தது. நான் மேலே வைக்கிற கல்லையும் பெரிதாக்கிக்கொண்டே போனேன்.

ஒரு சாயங்காலம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டில் பக்கம் சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கொடாப்பு நடந்து வருகிறது. கவளம் போடக் கல்லை இறக்கிய யாரோ திரும்ப ஏற்றி வைக்கவில்லை. நாய் உள்ளேயிருந்து முதுகால் முட்டித் தள்ளிக்கொண்டு, கொடாப்பையும் சுமந்துகொண்டு, வாசலைக் குறுக்காகக் கடந்து நேராக மாமனாரின் வட்டிலுக்கு முன்னால் வந்து நின்றது. மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கணவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆடு கத்தியது. அது சாதாரணக் கத்தல் இல்லை. கொடாப்பு இங்கே வந்துவிட்டதென்றால் ஆட்டுக்குட்டிகள் அங்கே திறந்த வெளியில் நிற்கின்றன என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு குட்டி ஆட்டின் காலடியில் நடுங்கிக்கொண்டு நின்றது. இன்னொன்றைக் காணோம். சோளத்தட்டு ஆடிக்கொண்டிருந்தது. கணவர் தடியோடு உள்ளே புகுந்து தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

ஒரு குட்டிதான் மிச்சம். அதுவும் போனால் மடி காய்ந்துவிடும், சங்கில் ஊற்ற ஒன்றும் இருக்காது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமனார் அந்தப் பக்கம் வந்தார். "உன்ற நாயி லட்சணத்தப் பாத்தியா? காவலுக்குன்னு வாங்கியாரச் சொன்னயே" என்றார்.

என் நாயாம்! கவளம் போடும்போது அது ஊர்ச் சாமி. குட்டி போனதும் அது என் நாய்.

மறுநாள் சாயங்காலம் பழையபடி மூவரும் உட்கார்ந்தார்கள். நான் களிச்சட்டியோடு நின்றேன். காலையிலிருந்து வயிற்றில் புளித்த களித்தண்ணியைத் தவிர ஒன்றும் இல்லை. கொடாப்பின் சந்தில் மூக்கு தெரிந்தது. மாமியார் பேச்சு நடுவிலேயே ஒரு கவளத்தை உருட்டிக் கையில் எடுத்தார். நேற்று குட்டி போன வீடு அது. அந்தக் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

அப்போது சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"நாயி பாக்குதுன்னு ஆளுக்கொரு கவளம் போடறீங்களே. தெனமும் பசியோட இங்கயே நின்னுக்கிட்டு நானுந்தானுங்க பாக்கறன். என்ற கண்ணு உங்களுக்குப் படாதுங்களா?"

 மாமனாரின் வாயில் இருந்த களி அப்படியே நின்றது. கணவர் வட்டிலுக்குள் எதையோ தேடினார். "என்ன பேச்சுப் பேசறா பாரு" என்று மாமியார் சொன்னார். ஆனால் குரலில் வழக்கமான வேகம் இல்லை. மாமனார் பாதியில் எழுந்து கை கழுவினார். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அனுப்பினால் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போவது என்று மனசுக்குள் முடிவும் செய்துகொண்டேன்.

அன்று ராத்திரி மாமனாருக்கு வயிற்றுவலி. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் கமறவில்லையாம். பெரிய கண்ணாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். யாருடைய கண் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மறுநாள் களி கிண்டி இறக்கியதும் மாமியார் அடுப்படிக்கு வந்தார். சட்டியிலிருந்து முதல் கவளத்தை எடுத்து ஒரு வட்டிலில் வைத்து, மேலே கொள்ளுப்பருப்பும் ஊற்றி, என் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் தள்ளினார்.

"இந்தா சாமி. மொதல்ல நீ தின்னுரு. அப்பறம் வந்து போடு."

கையால் உருட்டிய கவளம். நாய்க்குப் போடுகிற அதே அளவு. அதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் பசித்தது. சூடாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சூடான களி தின்றதே இல்லை. தின்றுகொண்டே யோசித்தேன். இவர்கள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்படட்டும்.

தின்று முடித்துச் சட்டியோடு வாசலுக்குப் போனேன். மூவருக்கும் போட்டேன். நாய் கத்த ஆரம்பித்தது. மாமனாரின் கை வழக்கப்படி உருட்டத் தொடங்கியது.

"நாயிக்கு என்ற கையத் தவிர வேற கை போட்டா, நா பாத்துக்கிட்டேதானுங்க நிப்பன்" என்றேன்.

கை நின்றது. நாய் கத்தியது, கத்தியது, ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு நான் போய்க் கொடாப்புக்குள் சட்டி ஓட்டில் கரைத்த களியை ஊற்றினேன். அதற்குப் பிறகு என் அப்பா சொன்ன கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கல் வேண்டாத நாள் வந்தது, கொடாப்பே வேண்டாத நாளும் வந்தது. மிச்சமிருந்த ஒரு குட்டியை விட்டு அந்த நாய் நகரவில்லை. ஆடு பால் விட்டது. மகள் அந்தப் பாலில்தான் நடக்கக் கற்றாள்.

முதல் கவளமும் நிற்கவில்லை. மாமியார் இருந்தவரை தினமும் வைத்தார், சாமி என்று கூப்பிட்டே வைத்தார். மருமகளை எவ்வளவு மதிப்பாக வைத்திருக்கிறார் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கேட்கக் கேட்க எரியும். எனக்குப் பசிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தக் கவளத்தை அவர்கள் வைத்தது என் கண்ணுக்கு.

நான் அதை வயிற்றுக்குத் தின்றேன்.