மூச்சை மறைத்த எனக்கு அல்லாஹ் அனுப்பிய தோழி

சகோதரிகளே, சாவுக்குப் பயந்து நான் மூச்சுத் திணறலை மறைக்கவில்லை. செத்த பிறகு என்னை எரித்துவிடுவார்களே என்று பயந்துதான் மறைத்தேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை நேரம். நான் கம்பஸில் இறுதியாண்டு. எங்கள் ஊர் காத்தான்குடியை மூடியிருந்தார்கள். உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. நானும் வகுப்புத் தோழிகள் இருவரும் வாவிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அகப்பட்டுக்கொண்டோம். ஒருத்தி வெல்லாவெளி துஷி. மற்றவள் பனிச்சங்கேணி கஸ்தூரி.

கொரோனாவில் இறந்தால் முஸ்லிம்களின் ஜனாஸாவையும் எரித்தே ஆக வேண்டும் என்பது நாட்டில் அப்போதைய சட்டம். வாப்பாவின் கூட்டாளி ஒருவரை அப்படித்தான் எரித்தார்கள். குளிப்பாட்டவில்லை. அடக்கக் கபுறும் இல்லை. அதைச் சொல்லும்போது வாப்பா போனில் அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்ததால்தான் என்றேன். பிறகு நெஞ்சு இறுகத் தொடங்கியது. யன்னல்வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. அறையைச் சாத்திக்கொண்டேன். உம்மா போன் எடுத்தால் மூச்சிரைப்பது கேட்டுவிடும் என்று சுருக்கமாகப் பேசி வைத்தேன்.

ஒரு பின்னேரம் கஸ்தூரி கதவுக்கு வெளியே நின்று சத்தம் போட்டாள்.

"உனக்கு அதுதான் வந்திருக்கு. எங்களுக்கும் தந்துபோட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவியா? நான் வீட்ட கொண்டுபோனா? என்ர அம்மா கிட்னி வருத்தக்காரி."

எழும்பி நிற்க எனக்கு மூச்சில்லை. அஸர் தொழுகையை இருந்தபடியே தொழுதேன். கையேந்தினேன். "யா அல்லாஹ், இத வாயால சொல்ல எனக்கு ஏலாது. சொல்லாமலே விளங்குற ஒராள அனுப்பு." வேறெதுவும் கேட்க வரவில்லை.

தொழுகைப் பாயிலிருந்து எழும்ப முன் கதவு திறந்தது. துஷி. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே இருந்தாள்.

"ரெண்டு நாளா நீ ஓதுற சத்தம் கேக்கல்ல கா," என்றாள். "மூச்சு முட்டுது, என்ன?"

தலையை ஆட்டினேன்.

"நீ வருத்தத்துக்குப் பயப்பிடுற ஆளில்ல. எரிக்கிறதுக்குத்தானே பயப்பிடுறாய்?"

நான் உடைந்து அழுதேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. ஒன்றும் நடக்காது என்று ஆறுதல் சொல்லவுமில்லை. அழுது முடியும்வரை வாசற்படியை விட்டு எழும்பவில்லை.

"அந்தச் சட்டத்த மாத்த என்னால ஏலாது," என்றாள் பிறகு. "ஆனா இஞ்சயே கிடந்தா நீ பயப்பிடுறதுதான் நடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனா பிழைக்க வழியிருக்கு. கஸ்தூரியில கோவிக்காத. அவளும் பயத்திலதான் கத்துறாள்."

"சரி, போறன்," என்றேன்.

துஷி போய் கஸ்தூரியிடம் என்ன பேசினாளோ தெரியாது. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தது கஸ்தூரிதான். என் பையைக் கட்டி, நான் தொழும் முசல்லாவையும் மடித்து அதற்குள் வைத்தவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் உடனே ஒட்சிசன் ஏற்றினார்கள். "இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம், தங்கச்சி," என்றார் டொக்டர். முகமூடிக்குள் கலிமா சொன்னபடியே கிடந்தேன். ஒவ்வொரு மூச்சும் போய்த் திரும்பி வருமா என்றிருந்தது. வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி என் சொந்தக் காலில் நடந்தே வெளியே வந்தேன்.

கொஞ்சக் காலத்தில் சட்டம் மாறியது. ஓட்டமாவடியில் நம்மவர்களை அடக்க மண் கிடைத்தது. அதற்கு முன் எரிக்கப்பட்டவர்களுக்காக இன்றும் துஆ செய்கிறேன். எனக்குக் கிடைத்தது ஏன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவன் அறிவான்.

இப்போது நான் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை "ஒண்டுமில்ல டீச்சர்" என்றால், அதோடு விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. பக்கத்தில் போய் இருந்துகொள்வேன்.

சகோதரிகளே, சொல்ல முடியாத கவலை எதுவாக இருந்தாலும் அவனிடம் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள். எனக்கு அவன் வெல்லாவெளியிலிருந்து, நெற்றியில் திருநீறு பூசிய ஒருத்தியை அனுப்பினான்.