நான் டிக் போட்ட கட்டம்

என் மகளின் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டு நின்றால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்த்துவிடும். மகள் சிரிப்பாள். பத்து வயதில் ஒரு மதியம் முழுக்க அப்படி ஒரு கட்டத்துக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றவள் நான் என்று அவளிடம் சொன்னதில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கள்ளக்குறிச்சியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் பத்திரம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் அம்மா கூலி வேலைக்குப் போய்விடுவதால் என்னை அத்தையோடு அனுப்பிவிடுவார்கள். கடைக்குள் செருப்போடு போகக் கூடாது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். முதலாளிக்கு ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் கோயில் சிலைக்கு முன்னால் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அத்தை எனக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். டைப்ரைட்டிங் பழகுகிறவர்கள் முதல் நாள் அடிக்கும் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். இடது கை மட்டும் அடிக்கும் பாடம். இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஒரே எழுத்து ரொம்ப நேரம் நின்றால் கண்ணாடியில் அச்சு விழுந்துவிடும், அப்புறம் போகாது, அதற்காகத்தான் ஸ்கிரீன் சேவர் என்று. அவள் வைத்திருந்த ஸ்கிரீன் சேவரை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அத்தை எழுந்து போகும்போதெல்லாம் நான் அந்தக் கண்ணாடியைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை மலையிலிருந்து, கரியாலூர்ப் பக்கம், ஒரு பெரியவர் வந்திருந்தார். கூட்டிக்கொண்டு வந்தவர் வெள்ளைச் சட்டைக்காரர், மலைக்குக் கீழே சமவெளி ஆள். கையால் எழுதிய நகல் ஒன்றை அத்தை முன்னால் வைத்து, சாயங்காலத்துக்குள் ரிஜிஸ்டர் ஆகணும் என்றார். அத்தை அடித்துக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள்.

"பெரியவரே, நெலத்தக் குத்தகைக்குத்தான வுடுறீங்க?"

"ஆமாம்மா. ரெண்டு ஏக்கரா. மூணு வருசம் மரவள்ளி போட்டுக்கினு திருப்பிக் குடுத்துடுறேன்னு சொல்லியிருக்காரு."

"உனக்கு எதுக்கும்மா அந்த ஆராய்ச்சி? எழுதியிருக்கறத அடி" என்றார் வெள்ளைச் சட்டை.

நான் திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "கிரயம்னா இன்னா அத்தே?"

"வித்துட்டேன்னு அர்த்தம்" என்று வாய்க்குள் சொன்னவள், "வாய மூடிக்கினு உக்காருடி" என்று என் தொடையில் கிள்ளினாள்.

பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. வெள்ளைச் சட்டை பெரியவரைப் பிரியாணி சாப்பிட அழைத்துப் போனார். முதலாளி வீட்டுக்குப் போனார். அத்தை பின்னறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் பத்திரம் அப்படியே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அச்சு விழுந்துவிடுமே என்று ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

அத்தை செய்ததைப் பார்த்திருந்த நினைவில் பத்திரத்தைக் கீழே இறக்கினேன், மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினேன், ஸ்கிரீன் சேவர் இருக்கும் இடத்துக்குப் போனேன். குழாய் குழாயாக வளர்ந்துகொண்டே போகும் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். கீழே ஒரு காலிக் கட்டம் இருந்தது. என் நோட்டில் டீச்சர் டிக் போட்டால் சரி என்று அர்த்தம். காலியாக விடுவது தப்பு என்று நினைத்து அதிலும் டிக் போட்டேன். உடனே ஏதோ எழுதச் சொல்லி இரண்டு தடவை கேட்டது. எனக்குத் தெரிந்ததைத்தான் இரண்டு தடவையும் அடித்தேன். பத்திரத்தை மேலே ஏற்றிவிட்டு, நல்ல பிள்ளையாக ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் குழாய்கள் ஓட ஆரம்பித்தன.

எல்லாரும் திரும்பி வந்தார்கள். அத்தை மவுஸை அசைத்தாள். குழாய்கள் போய் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்தது.

"இன்னாம்மா இது?" என்றார் முதலாளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றேன்.

"பாப்பா இன்னாவோ பண்ணிட்டுதுங்க."

"சின்னப் புள்ளய வுட்டுட்டு அப்படி இன்னாம்மா சாப்பாடு உனக்கு?" என்று வெள்ளைச் சட்டை கத்தினார். "மணி இப்பவே மூணு!"

அத்தை குனிந்து காதைக் காட்டினாள். நான் காதோடு சொன்னேன்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்.

அத்தை நிமிர்ந்தாள். வாசல் பக்கம் பெஞ்சில், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவளுடைய இடது கை மடியிலேயே கிடந்தது. வலது கை மட்டும் எதையோ தட்டியது. தப்பு என்று வந்தது. மறுபடியும் வலது கை. மறுபடியும் தப்பு.

"புள்ள சொன்னதத்தான் அடிக்கறேன். எடுக்க மாட்டங்குதுங்க."

அத்தே, அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அவள் கால் என் காலை அழுத்தி மிதித்தது.

"ஆஃப் பண்ணிப் போடேன்" என்றார் முதலாளி.

"போட்டா அடிச்சதெல்லாம் போயிடும் சார். சேவ் பண்ணல. மொதல்லருந்து அடிக்கணும், ரெண்டு மணி நேரம் ஆவும்."

கரண்ட் போகிற ஊர் என்பதால் பத்தி முடிந்தால் சேவ் பண்ணாமல் அடுத்த பத்தி ஆரம்பிக்காதவள் அத்தை. எனக்கு அது தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

வெள்ளைச் சட்டை நகலைப் பிடுங்கிக்கொண்டு, வேறு கடைக்குப் போகலாம் வா என்றார். பெரியவர் எழுந்து துண்டை உதறினார். "அஞ்சு மணி பஸ்ஸ வுட்டா ராத்திரி எங்கங்க படுப்பேன்? இன்னொரு நாளைக்கு வரேன்." வெள்ளைச் சட்டை முதலாளியிடம் சண்டைக்குத் திரும்பிய நேரத்தில், அத்தை வாசலில் செருப்பு தேடும் பெரியவரிடம் போனாள்.

"படிக்கத் தெரிஞ்ச ஆளு வூட்ல யாருங்க?"

"பையன் பத்தாவது முடிச்சிருக்கான்."

"வரும்போது அவன இட்டுக்கினு வாங்க. அவன் படிச்சுச் சொல்லாம எதுலயும் கைநாட்டு வெக்காதீங்க."

பெரியவர் தலையாட்டினார். அவர் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. வேறு கடைக்குப் போனாரா, நிலம் யாரிடம் இருக்கிறது என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

அன்று முதலாளி அத்தையைத் திட்டிய திட்டில் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை. ஆனால் என் பயமும் போகவில்லை. பாவம், அவ்வளவு தூரம் மலையிறங்கி வந்தவரின் காரியத்தை நான் கெடுத்துவிட்டேன். அத்தையோ என் காது கேட்க இரண்டு பொய் சொல்லிவிட்டாள்.

சர்ச்சில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை எனக்கு அந்த மாதக் கடைசியில். அதற்கு முந்தின நாள், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அத்தைதான் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நிற்கும்போது, "நீ போவலயா அத்தே?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒன்னும் இல்ல. நீ போ" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போய், ஒரு தாத்தாவின் வேலையைக் கெடுத்ததைச் சொன்னேன். அதோடு, நான் சொல்லாத இரண்டு பொய்களையும் நானே சொன்னதாகச் சொல்லிவிட்டேன். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முழந்தாளிட்டு ஒன்பது சொன்னேன். என் பாவத்துக்கு மூன்று, பொய் ஒன்றுக்கு மூன்று. நடுநடுவே கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தை கடைசி பெஞ்சில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு பாவமும் செய்யாதவள் போல.